அயோவாவின் ட்விட்டரும் பெரம்பலூரின் வாட்ஸ்அப்பும்

இரண்டு இடத்திலும் விளைவது மக்காச்சோளம். அமெரிக்காவின் அயோவாவில் அது எத்தனால் ஆலைகளுக்கும் பன்றித் தீவனத்துக்கும் போகிறது. பெரம்பலூரில் விளைவது பெரும்பாலும் கோழித் தீவனமாகிறது. விற்பதற்கு முன் இரு ஊர் விவசாயிகளும் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்கள். அதில் அவர்கள் தேடுவது மட்டும் ஒன்றல்ல.

அயோவா விவசாயிக்கு விலை தெரியாத நாளே கிடையாது. 1848இல் தொடங்கிய சிகாகோ தானியச் சந்தையின் முன்பேர விலை நொடிக்கு நொடி திரையில் ஓடுகிறது. ஒரு புஷல், அதாவது 25.4 கிலோ, இன்ன விலை என்று அங்கே முடிவானதும், பக்கத்து ஊர்க் கிடங்குக்காரர் அதிலிருந்து இத்தனை சென்ட் குறைத்தோ கூட்டியோ தன் விலையைச் சொல்லிவிடுவார். விளைச்சல், இருப்பு, ஏற்றுமதி பற்றி அரசு வேளாண் துறை மாதந்தோறும் அறிக்கை தருகிறது. ஆகவே ட்விட்டரில், இப்போதைய எக்ஸ் தளத்தில், அவர் தேடுவது இன்றைய விலையை அல்ல. நாளை விலை ஏறுமா என்ற கணிப்பைத்தான். தரகர், சந்தை ஆய்வாளர், அடுத்த மாநிலத்து விவசாயி என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அங்கே பேசுகிறார்கள்.

பெரம்பலூரில் கதை வேறு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை, மாசியில் அறுத்துக் களத்தில் காயப்போட்டதும் வியாபாரி வந்து ஒரு விலை சொல்வார். நாமக்கல் முட்டைக்கு நாள்தோறும் விலை அறிவிக்கிறார்கள். ஆனால் அந்த முட்டையிடும் கோழி தின்னும் மக்காச்சோளத்துக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விலை கிடையாது. 2025-26 பருவத்துக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். ஆனால் நெல்லுக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையம் இதற்கு இல்லை. 2016இல் வந்த இ-நாம் மின்னணுச் சந்தை, 2018இல் வந்த உழவன் செயலி இரண்டும் விலை காட்டுகின்றன. களத்திலேயே விற்பவருக்கு அந்த விலை வந்து சேர்வதில்லை. அந்த இடைவெளியில்தான் வாட்ஸ்அப் குழு நுழைகிறது. "மக்கா இன்னைக்கு என்ன ரேட்?" என்பதே அங்கே முதல் கேள்வி. பதில் சொல்பவர்கள் சொந்தக்காரரும் பக்கத்து ஊர்க்காரரும்தான்.

முகம் தெரியாதவர் பேச்சை நம்புவதன் ஆபத்தை 2019 காட்டியது. அந்த வசந்தத்தில் அமெரிக்க மத்திய மாநிலங்களில் விடாமல் மழை. தண்ணீர் நின்ற வயல்களின் படங்கள் ட்விட்டரில் குவிந்தன. விளைச்சல் போச்சு, விலை இன்னும் ஏறும் என்ற பேச்சு பரவியது. ஜூனில் புஷல் நாலரை டாலரைத் தாண்டவும் செய்தது. ஆகஸ்ட் 12 அன்று வேளாண் துறை, எதிர்பார்த்ததைவிட அதிகமாக, 9 கோடி ஏக்கரில் மக்காச்சோளம் விதைக்கப்பட்டிருப்பதாக அறிவிக்க, அன்றே முன்பேர விலை ஒரு நாளில் அனுமதிக்கப்பட்ட முழு அளவான 25 சென்ட் சரிந்தது. கோபம் அரசு ஊழியருக்கு மிரட்டல் விடும் அளவுக்குப் போனது. 1 கோடியே 12 லட்சம் ஏக்கரில் மக்காச்சோளம் விதைக்க முடியாமல் போனது உண்மைதான். ஆனால் விதைத்த நிலத்தின் படங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. விற்பவர்கள் பெரும்பாலும் விற்பவர்களோடே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரம்பலூர்க் குழுவில் பொய் குறைவு, அரைகுறைத் தகவல் அதிகம். "மக்கா 2300 போகுது" என்று ஒருவர் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நாமக்கல் தீவன ஆலை வாசலில், 14 சதவீத ஈரப்பதத்துக்கான விலையாக இருக்கலாம். நம் களத்துச் சரக்கு 18 சதவீதம் என்றால், அதில் 100 கிலோ 14 சதவீத ஈரத்துக்குக் காயும்போது 95 கிலோ சொச்சம்தான் தேறும். குவிண்டாலுக்கு 107 ரூபாய் அங்கேயே போய்விட்டது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி தனி. இந்தக் கணக்கைப் போடாமல் வியாபாரியை ஏமாற்றுக்காரர் என்பவரும் உண்டு. கணக்குக்கு மேலும் குறைத்துவிட்டு ஈரத்தைக் காரணம் காட்டும் வியாபாரியும் உண்டு.

இதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மொத்தத் தானியக் கிடங்குக் கொள்ளளவில் பாதிக்கும் மேல் விவசாயிகளின் பண்ணையிலேயே இருக்கிறது. விலை பிடிக்காவிட்டால் பூட்டி வைக்கலாம். சாலையோரம் காயப்போட்டு, மழைக்குப் பயந்து, கடன் தவணையும் நெருங்க நிற்கும் நம் விவசாயிக்கு நாளைய விலை இன்றே தெரிந்தாலும் என்ன பயன்? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் இருப்பு வைத்து, சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்க வழியிருக்கிறது. குழுக்களில் ரேட் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

செய்தியின் நேர்மையில் வாட்ஸ்அப் மேல். செய்தியைப் பயன்படுத்தும் வசதியில் அயோவா மேல். இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடாது. ஆனால் செய்தியை முழுமையாக்குவது இன்றே நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை குழுவில் விலை போடும்போது தேதி, இடம், ஈரப்பதம், வாடகை யார் பொறுப்பு என்ற நான்கையும் சேர்த்துப் போடுங்கள். நான்கும் இல்லாத ரேட்டை நம்பி விற்கவும் வேண்டாம், விற்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்.