தானியச் சக்கை: அசைபோடும் கால்நடைகளுக்கான தீவன மதிப்பு

தானியத்திலிருந்து பியர் அல்லது சாராயம் எடுத்தபின் எஞ்சும் சக்கை, மாடு, எருமை, ஆடு ஆகியவற்றுக்குப் புரதமும் நார்ச்சத்தும் தரும் துணைத்தீவனம். மேய்ச்சல் நிலம் அரிதான சிங்கப்பூர் போன்ற நகரங்களில் இதன் பயன் பெரிது. தானிய வகை, ஈரப்பதம், ஆலைக்கும் தொழுவத்துக்கும் இடையிலான தொலைவு ஆகிய மூன்றும் இதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன.

சிங்கப்பூர்ப் பின்புலம்

ரோச்சோர் ஆற்றை ஒட்டித் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால், 19ஆம் நூற்றாண்டில் சிராங்கூன் ரோடு வட்டாரம் மாட்டு வணிகத்தின் மையமாக விளங்கியது. பஃப்ளோ ரோடு, கெர்பாவ் ரோடு, லெம்பு ரோடு ஆகிய தெருப்பெயர்கள் அக்காலத்தவை. பெலிலியோஸ் ரோடு மாட்டு வணிகர் ஐ. ஆர். பெலிலியோஸின் பெயரைத் தாங்கியது. மாடுகளைச் சார்ந்து கோதுமை அரைக்கும் கொட்டகைகளும் எள் செக்குகளும் அவ்வட்டாரத்தின் தேக்காப் பகுதியில் இயங்கின. அவற்றில் மிஞ்சும் தவிடும் பிண்ணாக்கும் கறவை மாட்டுக்கு உகந்தவை. பின்னர் நகரம் நெருக்கமடைந்து, தொழுவங்கள் அங்கிருந்து மறைந்தன.

சிங்கப்பூரில் பியர்ச் சக்கை தரும் தொழிலும் வேரூன்றியது. 1931இல் மலாயன் புருவரீஸ் நிறுவப்பட்டது. மறு ஆண்டு டைகர் பியர் வெளிவந்தது. 1990இல் அதன் ஆலை துவாசுக்கு இடம்பெயர்ந்தது.

உருவாகும் விதம்

பியர் ஆலையில் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடிப்பார்கள். வடிகட்டியில் தங்கும் உமியும் புரதமும் பியர்ச் சக்கை. வடிசாலையில் மாவுச்சத்து முழுவதையும் நொதிக்கவிட்டு, சாராயத்தைப் பிரித்த பிறகே எச்சம் கிடைக்கும். மக்காச்சோளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மாவுச்சத்து. அது நீங்குவதால் மற்றச் சத்துகள் எச்சத்தில் சுமார் மும்மடங்கு செறிவாகின்றன. இதை உலர்த்தி விற்கும் வடிவமே டி.டி.ஜி.எஸ்.

சத்து மதிப்பு

ஈரச் சக்கையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். உலர்பொருள் கணக்கில் பியர்ச் சக்கையின் புரதம் பொதுவாக 20–30 விழுக்காடு, மக்காச்சோள டி.டி.ஜி.எஸ்ஸில் சுமார் 30 விழுக்காடு. அரிசி வடிசாலை எச்சத்தில் புரதம் இன்னும் கூடுதல். இப்புரதத்தில் கணிசமான பகுதி அசையூண் வயிற்றில் சிதையாமல் குடலுக்குச் செல்வதால் கறவை மாட்டுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. லைசின் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். எனவே சுண்ணாம்புச் சத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.

வாங்குபவர் எடையை நம்பக் கூடாது. 22 விழுக்காடு உலர்பொருளும் அதில் 25 விழுக்காடு புரதமும் கொண்ட 10 கிலோ ஈரச் சக்கையில் கிடைக்கும் புரதம் 550 கிராம், தண்ணீரோ 7.8 கிலோ. அந்தத் தண்ணீருக்கும் வண்டி வாடகை உண்டு.

கவனிக்க வேண்டியவை

வெப்ப மண்டலத்தில் ஈரச் சக்கை சில நாள்களிலேயே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். தொட்டியில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால் ஊறுகாய்ப் புல்லைப் போல வாரக்கணக்கில் தாங்கும். தானியத்தில் இருந்த பூஞ்சை நச்சும் வடிசாலை எச்சத்தில் சுமார் மும்மடங்காகும். அஃப்ளாடாக்சின் பாலிலும் வெளிப்படும் என்பதால் குடிப்பவரின் நலனுக்காகவும் பரிசோதனை கட்டாயம். அளவுக்கு மீறி உலர்த்திய டி.டி.ஜி.எஸ் கருத்து, அதன் புரதம் செரிக்காமல் போகும். கந்தகம் மிகுந்தால் மாட்டின் மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும். செப்புக் கொதிகலனில் வடித்த எச்சத்தில் செம்பு இருக்கக்கூடும். அது மாட்டைவிடச் செம்மறியாட்டுக்கு ஆபத்தானது. எந்தச் சக்கையையும் சிறிது சிறிதாகப் பழக்கி, வைக்கோலோ புல்லோ குறையாமல் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

இன்றைய நிலை

சிங்கப்பூரில் கால்நடை வளர்ப்பு இன்று தீவின் வடமேற்கே, லிம் சூ காங் வட்டாரத்தில் சில பண்ணைகளோடு நின்றுவிட்டது. சக்கைக்கு வேறு பயன்களும் தேடப்படுகின்றன. பியர்ச் சக்கையின் புரதத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பிரித்தெடுக்கும் முறையை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அறிவித்தனர். மனித உணவுக்குப் புரதம் போனபின் எஞ்சும் நாரின் தீவன மதிப்பு குறைவே. ஆயினும் மனிதரால் செரிக்க முடியாத அந்த நாரையும் பாலாக்கும் திறன் அசைபோடும் விலங்குக்கே உண்டு. ஆகவே புரதம் நீக்கிய சக்கையைத் தீவனமாக வாங்குவோர், பழைய அட்டவணையை நம்பாமல் புதிதாகப் பகுப்பாய்வு செய்தே விலை பேச வேண்டும்.