அனுமதியும் பணமும்: இலங்கைக் கமக்காரன் காத்திருந்த கதை

கிராமியக் கடனைப்பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வட்டியைப்பற்றியே எழுதுகின்றனர். வட்டி வீதத்துக்கு அட்டவணை உண்டு. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் உண்டு. ஆனால் விண்ணப்பம் கொடுத்த நாளுக்கும் பணம் மடியில் விழுந்த நாளுக்கும் இடையே கமக்காரன் கழித்த நாட்களுக்கு அட்டவணை இல்லை. “கடன் அனுமதியாகிவிட்டது” என்பதும் “பணம் வந்துவிட்டது” என்பதும் இருவேறு செய்திகள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் நமது நாட்டில் எத்தனையோ வயல்களின் விதி நிர்ணயிக்கப்பட்டது.

பெரும்போகத்தை எடுத்துக்கொள்வோம். வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைப்பவனுக்கு உழவுக்கும் விதைநெல்லுக்கும் கூலிக்கும் பணம் வேண்டியது புரட்டாதி, ஐப்பசி மாதங்களில். அறுவடை மாசி, பங்குனியில். புரட்டாதியில் கேட்ட கடன் மார்கழியில் கிடைக்குமாயின், தாளில் அது பயிர்ச்செய்கைக் கடனாகவே இருக்கும். நடைமுறையில் அது வேறொன்றாகிவிடும். விதைப்புக்கு ஏற்கெனவே கடைக்காரரிடம் பட்ட கடனைத் தீர்க்கவோ, வீட்டின் அடுப்பை எரியவைக்கவோதான் அது பயன்படும். வட்டி எவ்வளவு குறைவாயிருந்தென்ன, மழை எவருடைய கையொப்பத்துக்காகவும் காத்திருப்பதில்லை.

இந்த உண்மையை அரசாங்கத்துக்கு முன்னரே அறிந்திருந்தவர் கிராமத்துக் கடைக்காரர். மட்டக்களப்புப் பகுதியிலே போடியாரும் அறிந்திருந்தார். அவர்களிடம் விண்ணப்பப் படிவம் இல்லை. பரிசீலனை என்ற சொல்லும் இல்லை. கேட்டவனை அவர்கள் பிறந்த நாள் முதல் அறிவார்கள். கேட்ட அன்றே நெல்லோ பணமோ கிடைத்தது. சூடடித்த களத்திலேயே அது வட்டியோடு திரும்பியது. யாழ்ப்பாணத்திலே தேசவழமை வகுத்த ஒற்றி முறையும் இத்தகையதே. பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். உறுதி முடிந்ததும் பணம் கைக்கு வரும். காணியின் பயன் கையைவிட்டுப் போகும். வட்டிக்காரர் விற்ற சரக்கு பணம் மட்டுமன்று. காத்திருக்க வேண்டாம் என்ற சலுகையையும் அவர் விற்றார். இச்சலுகைக்கு அவர் பெற்ற விலையையே நாம் கொடுவட்டி என்கிறோம்.

நகரத்திலும் நிலைமை அடிப்படையில் வேறன்று. ஆங்கிலேயராட்சியில் இயங்கிய வெளிநாட்டு வங்கிகள் தோட்டத்துறைக்கும் ஏற்றுமதி இறக்குமதி வர்த்தகத்துக்குமே பணிபுரிந்தன. உள்ளூர் வியாபாரி அவற்றின் வாயிற்படியை மிதிப்பது அரிது. கொழும்புச் செட்டியார்தெருவில் தொழில்புரிந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அவ்வங்கிகளிடம் தமது நாணயத்தின்பேரில் பணம் பெற்று, கூடிய வட்டிக்கு உள்ளூராருக்குக் கொடுத்தனர். 1925ஆம் ஆண்டு செட்டியார் நிறுவனமொன்று நொடித்தபோது வங்கிகள் தம் கையை இறுக்கிக்கொண்டன. வங்கியைக் கண்ணாலும் கண்டிராத சில்லறை வியாபாரிகள் வரை அதன் தாக்கம் சென்றது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் சிபாரிசுகளைத் தொடர்ந்து 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. தேசிய முதலாளிகள் மகிழ்ந்ததற்குக் காரணம் உண்டு. கமக்காரன் மகிழ்வதற்கு அன்று அதிகம் இருக்கவில்லை.

அவனுக்கெனத் தோன்றியது ஐக்கிய நாணய சங்கம். ஜெர்மனியில் றைபைசன் கண்ட முறையை அடியொற்றி, 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இச்சங்கங்கள் பதியப்பட்டன. ஒரு கிராமத்தவர் ஒன்றுகூடி, ஒருவர் கடனுக்கு எல்லோரும் வரையறையின்றிப் பொறுப்பேற்பர். ஒவ்வோர் அங்கத்தவருக்கும் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற எல்லை முன்கூட்டியே வகுக்கப்படும். இதன் சிறப்பை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. தேவை எழுந்தபின் ஒருவனுடைய தகுதியை ஆராயத் தொடங்காமல், தேவை எழுமுன்னரே அதனை முடிவுசெய்துவிட்டமையால் அனுமதிக்கும் பணத்துக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கியது. ஆராய்ந்தவரும் அயலவரே. வடபகுதியில் இவ்வியக்கம் வேரூன்றியதற்கு வி. வீரசிங்கம் போன்றோரின் உழைப்பும், 1929இல் அமைந்த யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கியும் காரணங்களாயின.

ஆனால் இதனைப் பொற்காலமாக்கிப் பாடுவது நமது நோக்கமன்று. பிறனுக்காகப் பிணை நிற்க வல்லவன் உடைமையுள்ளவனே. காணியில்லாத கூலியாளுக்காகத் தன் காணியைப் பணயம் வைக்க எவன் முன்வருவான்? சாதியால் ஒதுக்கப்பட்டவன் எந்தக் குழுவின் முன் சமமாக அமர்ந்து தன் தகுதியை எடுத்துரைத்திருப்பான்? அயலவரின் அறிவு விரைவைத் தந்தது. அதே அயலவரின் தப்பெண்ணமும் உடன்வந்தது.

இரண்டாவது உலகப்போருக்குப்பின் அரசாங்கமே பெருமளவில் கடன்கொடுக்க முன்வந்தது. 1947 முதல் விவசாய உற்பத்தி விற்பனைக் கூட்டுறவுச் சங்கங்களும், 1957இன் பின் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்கு வாயில்களாயின. வட்டி குறைந்தது, வழி நீண்டது. விண்ணப்பம் சங்கக் குழுவுக்குப் போகும். அங்கிருந்து சிபாரிசோடு மேலிடத்துக்குப் போகும். அனுமதி அதே வழியாகத் திரும்பி வரும். சங்கம் பழைய கடனைத் தீர்க்காதிருந்தால், தன் பங்கை ஒழுங்காகச் செலுத்தியவனும் அயலவனுக்காகக் காத்திருக்க நேர்ந்தது. முன்னர் விரைவைத் தந்த கூட்டுப் பொறுப்பு இப்போது தாமதத்தைத் தந்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

இங்கே சொற்களைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். “பெறப்பட்டது” என்றால் விண்ணப்பம் தொலையவில்லை என்பதே பொருள். “பரிசீலனையிலுள்ளது” என்றால் எவரும் மறுக்கவில்லை, எவரும் ஒப்பவுமில்லை. “சிபாரிசு செய்யப்பட்டது” என்பது தீர்மானிக்கும் அதிகாரம் இல்லாதவரின் நல்லெண்ணம். “அனுமதிக்கப்பட்டது” என்பது வாக்குறுதி; பிணையாளியின் கையொப்பம், காணிப்பத்திரம், பழைய பாக்கியின் தீர்வு ஆகிய நிபந்தனைகள் அதனுள் மறைந்திருக்கும். “விடுவிக்கப்பட்டது” என்ற சொல் வந்தபின்னரே உழவு இயந்திரக்காரருக்கு நாள் குறிக்கலாம். அலுவலகத்தில் இவை ஐந்தும் ஐந்து படிகள். வயல்வரம்பில் நிற்பவனுக்கு அவை எல்லாம் ஒரே சொல்லாகக் கேட்டன. அனுமதி என்ற சொல்லை நம்பிக் கடைக்காரரிடம் தவணை கூறியவன், பணம் வராமையால் பொய்யனானான்.

அச்சொற்கள் எந்த மொழியில் வந்தன? முதலில் ஆங்கிலத்தில். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சிங்களத்தில். தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் 1958இல் நிறைவேறியும், அதற்கான ஒழுங்குவிதிகள் 1966இலேயே பாராளுமன்றத்தில் ஏற்கப்பட்டன. தனது கடனின் நிலையைக்கூடத் தானே வாசித்தறிய முடியாத கமக்காரன் கடிதத்தோடு பள்ளிக்கூட வாயிலில் நிற்க வேண்டியவனானான். “வாத்தியார், இதில என்ன போட்டிருக்கு?” என்ற கேள்வியை நம் தொழிலில் மூத்தோர் நன்கறிவர். ஆங்கிலக் கடிதத்தின் முன்னே சிங்களக் கமக்காரனும் இவ்வாறே நின்றான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கூட்டுறவுக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற கோரிக்கை இச்சூழலிலேதான் வலுப்பெற்றது. 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்த்தன, கூட்டுறவு அபிவிருத்தி வங்கியொன்றையும் நிறுவ முயன்றார். அமைச்சரவையிலிருந்த வலதுசாரிகள் அதனை எதிர்த்தனர். 1959இல் அவர் அரசாங்கத்தை விட்டு வெளியேறினார். அவ்வெண்ணம் 1961 ஜூலையில் மக்கள் வங்கியாக உருவெடுத்தது. அதனைக் கொண்டுவந்த ரி.பி. இலங்கரத்தின, 1947ஆம் ஆண்டு எழுதுவினைஞர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமைதாங்கித் தொழில் இழந்தவர். ‘அம்ப யஹலுவோ’ என்ற சிங்கள நாவலின் ஆசிரியருமாவார். அலுவலகக் கோப்பின் உட்புறத்தை அறிந்த ஒருவர் இவ்வங்கியின் பிறப்பில் பங்குகொண்டது நமக்கு மகிழ்ச்சி தருவதே. 1964 முதல் கூட்டுறவுச் சங்கங்களோடிணைந்த கிராமிய வங்கிகள் தோன்றி, வங்கியைக் கிராமத்துக்கே கொண்டுவந்தன.

பின்னர் வந்த திட்டங்களை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1967, 1973, 1986 ஆகிய ஆண்டுகளில் புதிய பெயர்களோடு புதிய கடன்திட்டங்கள் வந்தன. 1977-78 பெரும்போகத்தில் கடன் தாராளமாக வழங்கப்பட்டது, பெரும்பகுதி திரும்பவில்லை, அடுத்த போகங்களில் வாயில் மீண்டும் ஒடுங்கியது. கடனைத் திருப்பாதவன் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டான். விலக்கப்பட்டவன் விவசாயத்தை விட்டுவிடவில்லை; கடைக்காரரிடம் திரும்பினான். குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவனோ தன் காணியை விருப்பம்போல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாதவன். காணி கொள்ளைபோகாமற் காத்த அதே விதி, அவனை வங்கியின் முன் வெறுங்கையனாகவும் நிறுத்தியது. அவ்விதியை நீக்கவேண்டும் என்போருடன் நாம் உடன்படவில்லை. காணியைக் கேளாது விளைச்சலை நம்பிக் கொடுக்கும் கடனே தேவை என்பது நம் கருத்து.

2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் பரவின. அவற்றின் கவர்ச்சி யாது? வட்டி குறைவு என்பதன்று. அது மிக அதிகம். அலைச்சல் இல்லை, பிணையாகக் காணியில்லை, அனுமதியும் பணமும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தன என்பதே. பழைய கடைக்காரர் விற்ற சரக்கையே இவர்கள் மோட்டார்ச் சைக்கிளில் கொண்டுவந்து விற்றனர். வாங்கியோரிற் பெரும்பாலோர் பெண்கள். ஒருத்தி தவறினால் குழுவிலுள்ள ஏனையோர் கட்டவேண்டும். வாராவாரம் முற்றத்தில் அறவிடுவோர் நின்றனர். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2021 மார்ச் 8ஆந் திகதி, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராங்கொடையிலே, எஞ்சிய கடன்களையும் இரத்துச்செய்யக் கோரிப் பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர்.