வழியிற் செல்லும் அமானிதம்

காவிரிக் கரையிலுள்ள குமாரபாளையத்தின் விசைத்தறிக்காரர், ஈரோட்டு வணிகருக்குக் கைப்பேசியிலேயே பணம் அனுப்புகிறார். பல கணினிகளைக் கடக்கும் அச்செய்தி, இடையிலுள்ளோர் படிக்கவியலா மறையெழுத்தாகச் செல்கிறது.

இக்கலையில் அரபு அறிஞர்க்கும் பெரும் பங்குண்டு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ, மறையெழுத்தில் மிகுதியாக வரும் குறியை, மொழியில் மிகுதியாக வழங்கும் எழுத்தோடு ஒப்பிட்டால் மறைபொருள் வெளிப்படும் என எழுதினார். எழுத்துக்கு எழுத்து மாற்றிய பழைய பூட்டு அன்றே திறந்துவிட்டது. ஆகவே, கணிதத்தின் துணையால் வலிய பூட்டுகள் தேவைப்பட்டன. கெய்ரோவிற் பிறந்த தாஹிர் எல்கமால் 1985இல் அத்தகைய முறையொன்றை வெளியிட்டார். 1990களில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் எஸ்.எஸ்.எல். என்னும் இணையக் காவல்முறை உருவாக முன்னின்றார். அதன் வழிவந்த முறையே இன்றும் இணையச் செய்திகளைக் காக்கிறது.

ஆயினும், வங்கியின் பெயரால் அழைப்பவனிடம் இரகசிய எண்ணை நாமே சொல்லிவிட்டால் எப்பூட்டும் பயன்படாது. வழியைக் கணிதம் காக்கும். வாசலை நாமன்றோ காக்க வேண்டும்!