மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரை விற்குமுன் ரைமிங்கைப் பாருங்கள்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு குறைவு. அதனால் எஞ்சின் தட்டும். தட்டாமலிருக்க ரைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். பெற்றோல் திரும்பி வந்த பின்னரும் சில கார்களில் அந்த ரைமிங் மாறவில்லை. இழுவை இல்லை, சூடாகிறது, பெற்றோல் குடிக்கிறது என்று அவற்றை என்னிடம் கொண்டுவருகிறார்கள். எஞ்சின் முடிந்துவிட்டதென்று பழைய இரும்புக்கு விற்கப் போனவர்களும் உண்டு.

மைனர் 1000 இல் உள்ள 948 சீ.சீ. ஏ வரிசை எஞ்சின்தான் 1958 இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைற், 1961 இல் வந்த எம்.ஜி. மிட்ஜெட் ஆகிய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இருந்தது. மூன்றுக்கும் சோதனை முறை ஒன்றே.

முதலில் டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். வெடிப்பு, கறுத்த கோடு இருக்கிறதா, நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பொயின்ற் முகம் அடிக்கடி கருகினால் கொண்டென்சரை மாற்றுங்கள். வக்குயூம் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே பொயின்ற் தட்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் பெரும்பாலும் டயபிரம் கிழிந்திருக்கும்.

லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீற்றர். இதைச் சரிசெய்த பிறகே ரைமிங்கைத் தொடுங்கள். இடைவெளி மாறினால் ரைமிங்கும் மாறிவிடும்.

அடுத்து, எஞ்சினை ஹாண்டிலால் சுற்றி, றோட்டர் முதலாம் பிளக் வயரின் பக்கம் திரும்பும்போது நிறுத்துங்கள். ரைமிங் மூடியிலுள்ள நீளமான முள் மேல்நிலையைக் காட்டும். மற்றவை 5, 10 பாகை முந்தியவை. புல்லியிலுள்ள வெட்டை உங்கள் மொடலுக்குக் கைநூல் சொல்லும் பாகையில் நிறுத்துங்கள். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய வயர் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே 12 வோல்ற் பல்ப் ஒன்றைப் பொருத்தி, சாவியைத் திருப்புங்கள். டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்பும்போது பல்ப் எரியத் தொடங்கும் இடமே பொயின்ற் திறக்கும் இடம். அங்கே இறுக்குங்கள்.

இந்த எஞ்சினில் றோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும். எனவே டிஸ்ரிபியூட்டரை வலஞ்சுழியாகத் திருப்பினால் ரைமிங் முந்தும், இடஞ்சுழியாகத் திருப்பினால் பிந்தும். பிளக் வயர்களின் ஒழுங்கு 1-3-4-2.

எங்கள் ஊரில் ஏற்றம் இல்லை. ஆகவே ரொப் கியரில் மெதுவாக ஓடி, அக்ஸிலேற்றரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். தட்டும் சத்தம் தொடர்ந்து வந்தால் ரைமிங் முந்தியிருக்கிறது, சிறிது பின்தள்ளுங்கள். சத்தமும் இல்லை, இழுவையும் இல்லை என்றால் சிறிது முன்தள்ளுங்கள்.

இதற்குத் தேவை ஒரு பல்ப், ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்பனர். இவ்வளவும் செய்து பார்த்த பிறகு எஞ்சினைப் பிரிக்கலாமா, காரை விற்கலாமா என்று முடிவெடுங்கள்.