நிலைபெறும் சூழல் மாறிகளும் மலையகத் தமிழும்

தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் விடியற்காலையில் கூப்பிடப்படும் பெயர் அன்றைய வேலைக்கு மட்டுமே உரியது. செக்றோலில் எழுதப்பட்ட பெயரோ மறுநாளும் வாசிக்கப்படும். ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தொழிலாளர் தலைமுறைகளாக அறிந்த இவ்வேறுபாடு, கணினியின் கட்டளை உலகிலும் உண்டு. அங்கு அது சூழல் மாறிகளின் வரலாறாக அமைகின்றது.

சூழல் மாறி என்பது ஒரு பெயரும் அதற்குரிய பெறுமானமும் சேர்ந்த இணையாகும். பயனரின் மொழி யாது, செயலிகளை எங்கே தேடவேண்டும் என்பன போன்ற செய்திகளை அது தாங்கி நிற்கும். 1971 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன் யுனிக்ஸ் முறைமைக்கென எழுதிய முதலாவது ஷெல்லில், அதாவது கட்டளைகளை ஏற்று நிறைவேற்றும் செயலியில், இவ்வசதி இருக்கவில்லை. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே, ஸ்டீபன் போர்ண் ஆக்கிய ஷெல்லோடு, அது முழுவடிவம் பெற்றது.

போர்ண் ஷெல்லில் வெறுமனே இடப்படும் பெறுமானம் அந்த ஷெல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். ‘எக்ஸ்போர்ட்’ என்னும் கட்டளையால் ஏற்றுமதி செய்யப்பட்டால் மாத்திரமே, அந்த ஷெல் பின்னர் தொடக்கும் பிள்ளைச் செயல்முறைகளுக்கு அது மரபுரிமையாகச் செல்லும். பிள்ளை தான் பெற்றதை மாற்றினாலும் தாய்ச் செயல்முறையில் மாற்றம் நிகழாது.

ஏற்றுமதி செய்யப்பட்டதும் நிலையானதன்று. ஷெல் மூடப்படின் அதுவும் அழியும். ஆகவே அதே கட்டளையைத் தொடக்கக் கோப்பொன்றில் எழுதிவைக்கும் வழக்கம் தோன்றியது. போர்ண் ஷெல் புகுபதிகையின்போது ‘புரொபைல்’ என்னும் கோப்பை வாசித்தது. பேர்க்லியில் பில் ஜோய் ஆக்கிய சி ஷெல் ‘லொகின்’ என்னும் கோப்பை வாசித்தது. 1989 இல் பிறையன் பொக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ் ஷெல்லும் இம்மரபையே பின்பற்றியது. எனவே மாறி நிலைபெறுவது கணினியின் நினைவகத்திலன்று. ஒவ்வொரு முறையும் மீள வாசிக்கப்படும் எழுத்திலேயே எனலாம்.

மொழியைக் குறிக்கும் ‘லாங்’ என்னும் மாறி நமது கவனத்துக்குரியது. அதன் பெறுமானத்தில் மொழிக்கு இரண்டெழுத்து, நாட்டுக்கு இரண்டெழுத்து, எழுத்துக் குறியாக்கத்தின் பெயர் ஆகியன அடங்கும். 1991 இல் யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1992 இல் தொம்சனும் றொப் பைக்கும் யூ.ரி.எப்.-8 குறியாக்கத்தை வகுத்தனர். இன்று குனூ சி நூலகத்தில் தமிழுக்கு இந்தியாவுக்கென ஒன்றும் இலங்கைக்கென ஒன்றுமாகத் தனித்தனி வரையறைகள் உள்ளன. ஒன்றில் நாணயம் இந்திய ரூபாய். மற்றதில் இலங்கை ரூபாய்.

நாட்டைக் குறிக்கும் அவ்விரண்டெழுத்து மலையகத் தமிழருக்குச் சிறுசெய்தியன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதவில்லை. தந்தைவழிப் பிறப்புச் சான்றும் வேண்டப்பட்டது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் நிலையைத் தீர்மானிக்காது விட்டது. எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினைக்குத் தீர்வாக 2003 இல் மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று.

கணினிக் குறியீட்டையும் குடியுரிமையையும் ஒன்றெனக் கொள்ளுதல் தகாது. எனினும் இரண்டிலும் ஒரு பாடம் பொதுவாக உள்ளது: எழுதப்படாத இடத்தில் இயல்பிருப்பே ஆட்சி செய்யும். மொழி குறிக்கப்படாத கணினி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசும். தமிழையும் இலங்கையையும் மாணவர் ஒருவர் தமது தொடக்கக் கோப்பில் எழுதின் அது அவருக்கு மட்டுமே பயன்படும். பாடசாலைக் கணினியின் பொதுத் தொடக்கக் கோப்பில் எழுதப்படின், அதிற் புகுபதிகை செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும் அது கேளாமலே கிட்டும். தமிழாக்கம் பெற்ற செயலிகள் அவர்களோடு தமிழிற் பேசும். மலையகப் பாடசாலைகளில் அவ்வொரு வரியை எழுதிவைப்பது சிறுபணியே. ஆயினும் தம் பெயர் பதிவேட்டில் இல்லாமையால் நெடுங்காலம் வருந்திய ஒரு சமூகத்துக்கு, எழுதிவைத்தலின் அருமையை எடுத்துரைக்கவேண்டியதில்லை.