நீர்விருப்பமும் உறுதியும்: கலப்புச் சவ்வுகளின் வரலாறு

நீரை வடிக்கும் பாலிமர் சவ்வு, நீரைத் தன்பால் ஈர்த்து எளிதில் நனையும் நீர்விருப்பத்தையும், அழுத்தத்தையும் இழுப்பையும் கிழியாமல் தாங்கும் உறுதியையும் ஒருசேரப் பெற்றிருக்க வேண்டும். ஆனால் இவ்விரு குணங்களும் ஒரே பொருளில் அரிதாகவே கூடுகின்றன. செல்லுலோஸ் போன்ற பொருள்களில் நீரைப் பற்றிக்கொள்ளும் ஹைட்ராக்சில் தொகுதிகளே, உள்ளே புகுந்த நீரால் சங்கிலி மூலக்கூறுகள் விலகிச் சவ்வு உப்பித் தளரவும் காரணமாகின்றன; பென்சீன் வளையங்களால் விறைப்புப் பெற்ற பாலிமர்களோ வலிமையுடையவையாயினும் நீரை ஒதுக்குகின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான சவ்வுத் தொழிலின் வரலாற்றைப் பெருமளவு இந்த முரணே நடத்திச் சென்றுள்ளது.

1855இல் அடால்ஃப் ஃபிக் நைட்ரோசெல்லுலோஸ் கரைசலான கொலோடியனிலிருந்து சவ்வு செய்து பரவலை ஆராய்ந்தார். 1907இல் ஹைன்ரிக் பெக்ஹோல்ட், கரைசலின் செறிவை மாற்றுவதன் மூலம் துளைகளின் அளவையும் மாற்றலாம் என்று காட்டியதுடன், வடிதாளை அக்கரைசலில் ஊறவைத்து உறையச் செய்தார். மென்மையான சவ்வுக்குத் தாளே எலும்பாக அமைந்த இம்முறையை உறுதிப் பிரச்சினைக்குக் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்றாகக் கொள்வதே நியாயம். ரிச்சர்ட் ஜிக்மோண்டியின் முறையைப் பின்பற்றி 1927இல் ஜெர்மனியின் சார்ட்டோரியஸ் நிறுவனம் சவ்வுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியில்தான் முரண் கூர்மையடைந்தது. 1950களின் பிற்பகுதியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீடும் எர்னஸ்ட் பிரெட்டனும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டைத் தடுப்பதைக் கண்டனர். ஆனால் அதன் வழியே கசிந்த நீர் மிகச் சொற்பம். படலத்தை மெல்லியதாக்கினால் நீர் பெருகும், ஆனால் அழுத்தத்தில் அது கிழியும். இச்சிக்கலை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் அவிழ்த்தனர். கரைசலைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய ஏடாகப் பரப்பி, சிறிது நேரம் ஆவியாகவிட்டு, பனிநீரில் அமிழ்த்தினார்கள். கரைப்பான் வெளியேற நீர் உட்புக, பாலிமர் உறைந்தபோது மேலே ஒரு மைக்ரானிலும் மெல்லிய அடர்ந்த தோலும், கீழே அதைத் தாங்கும் தடித்த, துளைகள் நிறைந்த பஞ்சடுக்கும் ஒரே ஏட்டில் உருவாயின. பிறகு சுடுநீரில் இட்டுத் துளைகளைச் சுருக்கினார்கள். நீரோட்டம் பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. 1965இல் கலிஃபோர்னியாவின் கோலிங்காவில், உப்புநீரை அழுத்தத்தால் சவ்வினூடே செலுத்தி உப்பைத் தடுக்கும் இந்த எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் ஊருக்குக் குடிநீர் தரும் நிலையம் இயங்கியது. ஆயினும் செல்லுலோஸ் அசிட்டேட் காரத்திலும் கடும் அமிலத்திலும் சிதைந்தது, பாக்டீரியாக்களுக்கு இரையானது, நீண்டகால அழுத்தத்தில் பஞ்சடுக்கு நசுங்க, நீரோட்டமும் ஆண்டுக்காண்டு குறைந்தது.

அதே 1965இல் யூனியன் கார்பைடு சந்தைக்குக் கொண்டுவந்த பாலிசல்ஃபோன் என்னும் பாலிமர் வெப்பத்தையும் அமில காரங்களையும் தாங்கியதோடு நல்ல இழுவலிமையும் கொண்டிருந்தது. குறை, அதன் நீர்வெறுப்பு. ஒரு பரப்பில் வைத்த நீர்த்துளியின் விளிம்பு அப்பரப்போடு அமைக்கும் கோணம் தொடுகோணம் எனப்படும். துளி பரவினால் கோணம் சிறுத்து நீர்விருப்பத்தையும், துளி திரண்டு நின்றால் கோணம் பெருத்து நீர்வெறுப்பையும் காட்டும். பாலிசல்ஃபோனின் தொடுகோணம் செல்லுலோஸ் அசிட்டேட்டினதை விடப் பெரியது. அதனால் புரதமும் எண்ணெயும் அதன்மேல் எளிதில் ஒட்டித் துளைகளை அடைத்தன.

வலிய பாலிமருடன் நீர்விரும்பும் பாலிமரைக் கலந்தால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் பலன் தந்தது. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பொதுவாக ஒன்றோடொன்று கலவா. ஆனால் 1930களின் இறுதியில் ஜெர்மனியில் வால்டர் ரெப்பே உருவாக்கி, போர்க்காலத்தில் இரத்தப் பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்பட்ட பாலிவினைல்பிரோலிடோன், பாலிசல்ஃபோனுடன் ஒரே கரைப்பானில் நன்கு கலந்தது. 1970களின் நடுவில் இஸ்ரேல் கபாஸோவும் உடனாய்வாளரும் இக்கலவையிலிருந்து உள்ளீடற்ற நுண்ணிழைகளை நூற்றனர். கலவை நீரில் உறையும்போது நீரில் கரையும் பாலிவினைல்பிரோலிடோனின் பெரும்பகுதி வெளியேறித் துளைகளைத் திறக்கிறது; எஞ்சிய பகுதி பாலிசல்ஃபோன் சங்கிலிகளிடையே சிக்கி, துளைச்சுவர்களை நனையும் தன்மையுடையனவாக்குகிறது. ஆனால் உறைதல் மிக விரைந்தால் விரல் வடிவப் பெருங்குழிகள் தோன்றி இழுவலிமை சரியும். கிருமிநீக்கியான ஹைப்போகுளோரைட்டால் சவ்வை அடிக்கடி கழுவினால் சிக்கிய பாலிமர் சிதைந்து வெளியேற, நீர்விருப்பமும் தேயும். அளவறிந்து கலப்பதே இத்தொழிலின் கடினமான பகுதி. செல்லுலோஸ் அசிட்டேட்டையே பாலிசல்ஃபோனுடன் கலந்து, ஒன்றன் நீர்விருப்பத்தையும் மற்றதன் உறுதியையும் பெறும் வழியைச் சென்னை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் விரிவாகச் சோதித்துள்ளனர். இவ்விரண்டும் முழுமையாக இணங்காதவையாதலால், விகிதம் எல்லை மீறினால் இரண்டும் பிரிந்து சவ்வு வலுவிழக்கும்.

உப்பு நீக்கும் சவ்வுகளில் ஜான் கடோட் 1970களில் வேறு வழி கண்டார்: பாலிசல்ஃபோன் தாங்கியின் மேல் பாலிஅமைடு தோலைத் தனியே வளர்த்து, உப்பைத் தடுப்பது, அழுத்தத்தைத் தாங்குவது என்னும் இரு பணிகளையும் இரு பொருள்களுக்குப் பிரித்தளித்தார். சென்னையை அடுத்த மீஞ்சூர், நெம்மேலி போன்ற கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களின் சவ்வுகள் இவ்வகையின. ஆனால் இரத்தத்தைத் தூய்மைப்படுத்தும் டயாலிசிஸில் கலப்பே வென்றது. 1983இல் ஃபிரசேனியஸ் நிறுவனம் பாலிசல்ஃபோன் வடிகலனை அறிமுகப்படுத்தியபின், பழைய செல்லுலோஸ் சவ்வுகள் மெல்லப் பின்வாங்கின. இன்று சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பயன்படும் வடிகலன்களில் பெரும்பாலானவை, பாலிசல்ஃபோன் அல்லது அதன் உறவான பாலிஈதர்சல்ஃபோனுடன் பாலிவினைல்பிரோலிடோன் கலந்த நுண்ணிழைகளால் ஆனவை.