பம்பரில் இருக்கும் வௌவால் காது



காரைப் பின்னால் எடுக்கும்போது 'பீப் பீப்' என்று சத்தம் வருகிறதே, அந்தக் கதை 1793-ல் இத்தாலியில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்பல்லான்சானி என்பவர் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர். கும்மிருட்டான அறையில் ஆந்தை தடுமாறுகிறது, வௌவாலோ எதிலும் முட்டாமல் பறக்கிறது. இது எப்படி என்று அவர் ஆராய்ந்தார். பார்வை இழந்த வௌவால்களும் அப்படியே பறந்தன. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் ஜூரின் என்ற மருத்துவர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். உடனே அது கண்டதிலும் மோதியது. காதால்தான் வழி தெரிகிறது என்று இருவரும் சொன்னதை அன்றைய அறிஞர்கள் ஏற்கவில்லை. வௌவால் சத்தமே போடாமல் பறக்கும்போது காதுக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. நம் காதுக்கு எட்டாத ஒலியை அது எழுப்புகிறது என்பது 1938-ல்தான் தெரிந்தது. ஹார்வர்டு மாணவர் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் செய்த கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது விடை கிடைத்தது.

இதற்கிடையே கதை பாரீசுக்குப் போகிறது. 1880-ல் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதையும் அடுத்த ஆண்டே உறுதி செய்தார்கள். பியர் கியூரி யார் என்று தெரியும்தானே? மேரி கியூரியின் கணவர்.

1912-ல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டு, முன்னால் இருப்பதை அறிய முடியாதா என்று பலரும் யோசித்தார்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தொல்லை சேர்ந்துகொள்ள, பிரான்சில் லாஞ்செவன் அதைச் செய்து காட்டினார். குவார்ட்ஸ் படிகத்தை அதிர வைத்து மீயொலியை நீருக்குள் அனுப்பினார். இந்த லாஞ்செவன் பியர் கியூரியிடம் படித்த மாணவர். ஆசிரியர் கண்டதை மாணவர் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்!

ஆனால் அதைப் பார்க்க பியர் கியூரி இல்லை. 1906 ஏப்ரலில் பாரீஸ் தெருவில் சரக்கு ஏற்றிவந்த குதிரை வண்டிச் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். வயது 46. வண்டிக்குப் பக்கத்தில் ஆள் இருப்பதைச் சொல்ல இன்று நாம் வைத்திருக்கும் கருவி அவருடைய கண்டுபிடிப்பில் இயங்குகிறது. இதை நினைத்தால் மனம் கனக்கிறது.

1982-ல் ஜப்பானில் டொயோட்டா கொரோனா காரில் இந்த வசதி வந்தது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணிகள் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம்.

ஒரு மீட்டர் தூரத்தில் சுவர் இருந்தால் ஒலி போய்த் திரும்ப இரண்டு மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 340 மீட்டர். வகுத்துப் பாருங்கள், ஆயிரத்தில் ஆறு நொடி! அனுப்புவதும் கேட்பதும் ஒரே சின்ன வில்லைதான்.

போன ஞாயிறு என் அண்ணன் மகன் வாசலிலேயே அவன் கார் சென்சாரை மாற்றினான். ரிவர்ஸ் கியர் போட்டால் நீளமாக ஒரு சத்தம், பிறகு மௌனம். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியரில் வைத்தான். "சித்தப்பா, ஒவ்வொன்றிலும் காதை வைத்துப் பாருங்கள்" என்றான். மீயொலி நமக்குக் கேட்காது. ஆனால் விட்டு விட்டு வருவதால் அந்தத் துடிப்பு மெல்லிய 'டிக் டிக்' என்று கேட்கும். மூன்றில் கேட்டது, ஒன்றில் இல்லை. அவசரப்படாமல், அதையும் பக்கத்துச் சென்சாரையும் இடம் மாற்றிப் போட்டான். பழுதும் கூடவே இடம் மாறியது. ஆகவே ஒயரில் குறை இல்லை, சென்சாரில்தான் என்று முடிவானது. கிளிப்பை நெம்பி, கனெக்டரைக் கழற்றி, அதே மாடலில் புதியதை மாட்டினான். அரை மணி நேர வேலை. சென்சார் மேல் தடிமனாகப் பெயின்ட் அடிக்கக் கூடாதாம், அதிர்வு குறைந்துவிடுமாம்.

நான் சொல்ல வந்தது இதுதான். சென்சார் பழுதானால், "அது போனால் என்ன, கண்ணாடி இருக்கிறதே" என்று பலர் மாதக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். காருக்குப் பின்னால் உட்கார்ந்து விளையாடும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. பழுதான சென்சாரின் மௌனமும், பின்னால் ஒன்றுமில்லை என்ற மௌனமும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்கேதான் ஆபத்து.

நல்ல சென்சாரும் பம்பருக்குக் கீழே தாழ்வாக இருப்பதையும், மெல்லிய கம்பியையும் தவறவிடலாம். எனவே பழுதை உடனே சரிசெய்யுங்கள். அதன் பிறகும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், வண்டியில் ஏறும் முன் ஒருமுறை பின்பக்கம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்